புல்லுக்கு வந்த கவலை

புல் தேய்ந்துவிடுமாம்!

நாடகம் பார்க்க மக்கள் வருவார்களாம். வந்தவர்கள் தரையில் உட்காருவார்களாம். உட்கார்ந்தால் பூங்காவின் புல் தேயுமாம். தேய்ந்த புல்லைத் திரும்ப வளர்க்கப் பணம் வேண்டுமாம். ஆகவே, பார்க்க வருவோர் ஆளுக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ கட்டணம் தந்தே தீரவேண்டுமாம். தர இயலாதவர்? அவர் வீட்டிலேயே கிடக்கட்டும். புல் பிழைத்தால் போதும்!

கதையல்ல, தோழர்களே! 1959ஆம் ஆண்டில், செல்வத்தின் தலைநகரம் என்று உலகம் புகழ்ந்த நியூயார்க் மாநகரில், பூங்காக்களின் ஆணையராகக் கோலோச்சிய ராபர்ட் மோசஸ் என்பார் விதித்த நிபந்தனை இது. யாருக்கு விதித்தார்? கோடைக்கால மாலைகளில், கூரையில்லா வெளியில், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஒரு காசும் வாங்காமல் நடத்திக் காட்டிய குழு ஒன்றுக்கு!

அந்தப் புல்லின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அந்தப் புல் நியூயார்க்கில் மட்டும் முளைப்பதல்ல. மக்கள் கூடுவதைக் கண்டு மனம் புழுங்குவோர் உள்ள இடத்திலெல்லாம் அது முளைக்கும். பெயர்தான் மாறும். ஓரிடத்தில் அதற்குப் புனிதம் என்று பெயர். மற்றோரிடத்தில் ஒழுங்கு என்று பெயர். பிறிதோரிடத்தில் தரம் என்று பெயர்.

அந்த நாடகக் குழுவை உருவாக்கியவர் ஜோசப் பாப். சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை அல்லர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்த யூதக் குடும்பத்தில், 1921இல், புரூக்ளினில் பிறந்தவர். தந்தை பெட்டி செய்யும் தொழிலாளி. நாடக அரங்குக்குச் சீட்டு வாங்கக் குடும்பத்தில் வசதி இல்லை. ஆனால் பொது நூலகத்தின் கதவு திறந்திருந்தது; அங்கே நுழையச் சீட்டுக் கேட்பாரில்லை. அந்த நூலகத்துப் புத்தகங்களிலேதான் அந்த ஏழைச் சிறுவன் ஷேக்ஸ்பியரைக் கண்டான். நூலைக் காசின்றித் தரலாமென்றால், நாடகத்தை ஏன் தரக்கூடாது? அவர் வாழ்நாள் முழுதும் கேட்ட கேள்வி இது ஒன்றுதான்.

1954இல், ஏழைகள் நெருங்கி வாழும் கீழ்மன்ஹாட்டன் பகுதியில், மாதா கோயில் ஒன்றின் அடித்தள அறையில் அவருடைய நாடகப் பட்டறை பிறந்தது. 1956 கோடையில் கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' நடந்தது. 'அடங்காப்பிடாரியை அடக்கியது' நடந்தது. நடித்தோர் ஊதியம் பெறவில்லை. பார்த்தோர் கட்டணம் தரவில்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் குழந்தை குட்டிகளோடு வந்து அமர்ந்தனர். நாடகமேடையையே அதற்குமுன் கண்டிராதவர் அவர்களிலே பலர். 1957இல் மேடையை லாரியின் மேல் ஏற்றிப் பேட்டை பேட்டையாகச் சென்றனர். மக்கள் கலையிடம் போக முடியாவிட்டால், கலை மக்களிடம் போகட்டும் என்பதே அதன் பொருள். பின்னர் நகரின் நடுவே உள்ள சென்ட்ரல் பார்க்கில் கோடைதோறும் மேடை எழுந்தது.

அங்கேதான் புல் குறுக்கே வந்தது!

மோசஸ் திறமையற்றவர் என்று நாம் கூறமாட்டோம். 1934 முதல் பூங்காக்களை ஆண்டவர். நூற்றுக்கணக்கான விளையாட்டுத் திடல்களை அமைத்தவர். தொடக்கத்தில் பாப்பின் குழுவுக்கு இசைவு தந்தவரும் அவரே. பூங்காவைப் பேணப் பணம் வேண்டும் என்பதும் பொய்யல்ல. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டே கேட்கிறோம்: புல்லின்மேல் அவருக்கு வந்த அந்தக் காதல் எப்போது வந்தது?

மூன்றாண்டுகள் பின்னே செல்வோம். 1956 ஏப்ரல். அதே பூங்கா. பூங்காவுக்குள் செல்வர்கள் உண்டு மகிழும் விடுதி ஒன்று. அங்கு வருவோரின் கார்களை நிறுத்த இடம் போதவில்லை. குழந்தைகள் ஆடிக்களித்த பசுந்தரையைக் கார் நிறுத்தமாக்க ஆணை பிறந்தது. ஆணையிட்டவர் யார்? புல்லுக்காகக் கண்ணீர் வடித்தாரே, அதே மோசஸ்! மண்தள்ளும் இயந்திரத்தின் முன்னே தாய்மார்கள் கைக்குழந்தைகளோடும் தள்ளுவண்டிகளோடும் வந்து நின்று மறித்தனர். இரவோடு இரவாக வேலி போட்டு மரங்கள் சாய்க்கப்பட்டன. வழக்கு மன்றம் வரை சென்று, ஊர் சிரித்த பின்னரே அவர் பணிந்தார். அவ்விடம் குழந்தைகளின் திடலாயிற்று.

சீமானின் கார் ஏறினால் புல் தேயாது. தொழிலாளி உட்கார்ந்தால் தேயும்! என்னே இந்தப் புல்லின் அறிவு! ஆளைப் பார்த்துத் தேயும் அதிசயப் புல்!

இந்த அதிசயம் நமக்குப் புதிதல்லவே. 1924இல் வைக்கத்தில் என்ன சொன்னார்கள்? கோயிலுக்குள் வரவேண்டாம் என்று மட்டுமா சொன்னார்கள்? கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலேயே நடக்கக்கூடாது என்றார்கள். நாய் நடந்தது, தெரு கெடவில்லை. பன்றி நடந்தது, தெரு கெடவில்லை. மனிதன் நடந்தால் தெரு தீட்டாகும் என்றார்கள்! நடந்தால் தெரு தீட்டாகும். உட்கார்ந்தால் புல் தேயும். மொழி வேறு, நாடு வேறு, வாதம் ஒன்றே. இடம் பொதுவானது, ஆனால் உனக்கு அல்ல!

ஒரு டாலர்தானே, பெரிய தொகையா என்று கேட்பாரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1959இல் அந்நாட்டுச் சட்டம் வகுத்த குறைந்த கூலி மணிக்கு ஒரு டாலர். ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று நாடகம் காண, குடும்பத் தலைவன் ஐந்து மணி நேரம் உழைத்த கூலியைக் கொடுக்க வேண்டும். கட்டணம் இரண்டு டாலரானால் பத்து மணி நேரக் கூலி. ஒருநாள் உழைப்பை முழுதாகக் கொட்டி ஹாம்லெட்டின் துயரத்தைப் பார்ப்பானா, தன் வீட்டுத் துயரத்தைப் பார்ப்பானா? பணக்காரனுக்குக் கட்டணம் ஒரு சீட்டு. ஏழைக்கு அது ஒரு சுவர்.

புல்லுக்குப் பின்னே வேறொன்றும் மறைந்திருந்தது. 1958 ஜூனில், அமெரிக்கப் பண்புக்கு மாறான செயல்களைத் துருவும் பேரவைக் குழுவின் முன் பாப் நிறுத்தப்பட்டார். பொதுவுடைமைக் கட்சியோடு இருந்த உறவைப் பற்றிக் கேட்டார்கள். அவர் விடையளிக்க மறுத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்குள் பொதுவுடைமையைப் புகுத்துகிறாயா என்ற வகையிலும் கேள்வி போயிற்று! 1616இல் மாண்ட நாடகாசிரியர் மேலும் ஐயம் கொண்டது அந்த அரசாங்கம்! விசாரணையின் விளைவாக, வயிற்றுப்பாட்டுக்காக அவர் பார்த்துவந்த தொலைக்காட்சி நிறுவன வேலை பறிபோயிற்று. நடுவர் தீர்ப்பினால் அது திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, கட்டணத் தகராறு சூடேறியபோது, பாப்பின் பழைய அரசியலைக் கிளறும் பெயரற்ற கடிதம் ஒன்று மோசஸ் தரப்பிலிருந்து சுற்றுக்கு விடப்பட்டது. வாதம் வற்றியவன் கையில் எடுக்கும் கடைசி ஆயுதம் மொட்டைக் கடிதம் என்பதற்கு இது சான்று.

பாப் என்ன செய்தார்? கட்டணத்துக்கு ஒப்பி, மேடையைக் காப்பாற்றிக் கொண்டிருக்கலாம். அறிவாளிகள் என்று பெயர் வாங்கியோர் பலர் அவ்வாறே ஆலோசனை கூறியிருப்பர். அவர் வழக்குத் தொடுத்தார். கீழ்மன்றத்தில் தோற்றார். 1959 ஜூனில் மேல்மன்றத்தில் வென்றார். கட்டணம் வாங்கினாலன்றி இசைவில்லை என்பது தான்தோன்றித்தனம், நியாயமற்றது என்று மன்றம் தீர்த்தது. பராமரிப்புச் செலவுக்கென மோசஸ் கேட்ட 20,000 டாலரையும் கொடையாளிகள் தந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே 'ஜூலியஸ் சீசர்' அரங்கேறியது. இன்னும் ஒன்று கேளுங்கள்: தோற்ற மோசஸே பிறகு, அங்கு நிலையான அரங்கம் கட்ட நகரசபையிடம் பணம் கேட்டார்! 1962 ஜூனில், சுமார் 1,800 பேர் அமரும் டெலகார்ட் அரங்கம் திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குமுன் கூலியின்றி நடித்த குழுவுக்குக் கல்லும் மரமும் கொண்ட வீடு கிடைத்தது. கட்டணம்? அன்றும் இல்லை, பின்னரும் இல்லை.

இனி, இலவசம் என்றால் மதிப்பிருக்காது என்று பேசும் மேதாவிகளுக்கு வருவோம். கல்வியைக் காசின்றித் தந்தால் கல்வி மலிந்துவிடும் என்று பேசிய பரம்பரையின் வாரிசுகள் இவர்கள். காற்றுக்கு விலை இல்லை, மூச்சு மலிவாயிற்றா? தாய்ப்பாலுக்கு விலைச்சீட்டு இல்லை. அதன் மதிப்புக் குறைந்ததா? விலையையும் மதிப்பையும் ஒன்றென்று எண்ணுவது கடைக்காரனின் கணக்கு. கலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஷேக்ஸ்பியர் கற்றோர்க்கே உரியவர், கண்டவரும் பார்க்கத் தக்கவரல்லர் என்பது அடுத்த வாதம். ஷேக்ஸ்பியரே இதைக் கேட்டால் நகைத்திருப்பார்! 1599இல் லண்டனில் எழுந்த அவருடைய குளோப் அரங்கின் நடுமுற்றத்துக்குக் கூரை இல்லை. பகல் வெளிச்சத்திலே நாடகம். ஒரு பென்னி கொடுத்தவன் மேடையருகே நின்றுகொண்டு பார்த்தான். தொழில் பழகும் சிறுவன், படகோட்டி, கூலியாள் எல்லோரும் அந்த முற்றத்தில் நின்றனர். நகரத் தந்தையர்க்கு நாடகம் பிடிக்காது; கூட்டம் கூடும், குழப்பம் வரும், கொள்ளைநோய் பரவும் என்றனர். அதனாலேயே நகர அதிகாரத்துக்கு அப்பால், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் அந்த அரங்கம் நின்றது. 1642இல் மதவெறி பிடித்த கூட்டத்தார் பாராளுமன்றத்தில் கை ஓங்கியபோது நாடக அரங்குகளை அறவே மூடினர். இன்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூசிக்கப்படுபவர், அன்று வெயிலிலும் மழையிலும் நின்ற மக்களால் வளர்க்கப்பட்டவர். அவரைக் கோடை வானத்தின்கீழ் மறுபடி கொண்டு வைத்த பாப் புதுமை எதுவும் செய்யவில்லை. பறிக்கப்பட்டதை உரியவர்க்குத் திருப்பிக் கொடுத்தார்.

பள்ளியில் பாடம் சொல்லும் தொழிலில் இருப்பதால் நமக்கு ஒன்று தெரியும். ஷேக்ஸ்பியரை வெறுக்கச் செய்வதற்கு உறுதியான வழி, குறிப்புரையோடு மனப்பாடம் செய்யச் சொல்வது. அதே காட்சியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வேப்பமரத்தடியில் நடித்துக் காட்டுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். சீசரின் பிணத்தருகே நின்று ஆண்டனி எப்படிக் கூட்டத்தைத் திருப்புகிறான் என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒரே நாளில் புரிந்துகொள்வான். தேர்தல் மேடைப் பேச்சை மறுநாளிலிருந்து வேறு காதோடு கேட்பான்! இதற்குத்தான் அஞ்சுகிறார்களோ என்னவோ!

ஆனால் பகுத்தறிவாளராகிய நாம் ஷேக்ஸ்பியருக்கும் கோயில் கட்டமாட்டோம். 'வெனிஸ் வணிகன்' யூதரை இழித்துக் காட்டுகிறது. 'அடங்காப்பிடாரியை அடக்கியது' பெண்ணை அடிமைப்படுத்துவதைக் கண்டு சிரிக்கச் சொல்கிறது. அவற்றை மறைக்க நமக்குத் தேவையில்லை. 1962இல் புதிய அரங்கத்தின் முதல் நாடகமே 'வெனிஸ் வணிகன்'. அதைத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாதென்று யூத குருமார் சபை எதிர்த்தது. நாடகத்தை இயக்கியோரில் ஒருவரான பாப்போ யூதர்! காயம் தன் இனத்தின் காயம் என்பதை அறிந்தும் அவர் அதை மூடிவைக்கவில்லை. மேடையில் ஏற்று, வெளிச்சம் போடு, மக்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்பதே அவர் வழி. நூல் எதுவாயினும் அதனைத் தொட்டுப் பார்க்கவும், திருப்பிக் கேட்கவும், ஏளனம் செய்யவும் உரிமை உண்டென்று கருதுவோருக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

மற்றொன்றும் அந்த மேடையில் நடந்தது. அதே 1962இல் மொராக்கோ இளவரசனாக அங்கே நின்ற கறுப்பின நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், 1973இல் அதே மேடையில் பிரிட்டன் நாட்டு லியர் மன்னராகவே வீற்றிருந்தார். அவர் மகள்களிடம் ஏமாந்து அழுதபோது, பார்த்தவர் நெஞ்சம் நிறத்தை விசாரித்துக்கொண்டா உருகியிருக்கும்? இன்னாருக்கு இன்ன வேடம் என்று பிறப்பை வைத்து வகுத்தவர்களின் வாயை அடைக்க அந்த ஒரு கோடைகாலமே போதும். மன்னன் வேடத்துக்கு வேண்டியது நடிப்பு. நிறமும் அல்ல, குலமும் அல்ல.

2013இல் மேலும் ஒரு படி ஏறினர். 'புயல்' நாடகத்தில் ஏறத்தாழ 200 நியூயார்க் மக்கள் மேடையேறினர். வீட்டுவேலை செய்யும் பெண்கள், சிறையிலிருந்து மீண்டோர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் தொழில்முறை நடிகர் சிலரோடு தோள் சேர்த்து நடித்தனர். புல்லில் உட்காரக்கூடத் தகுதியற்றவர் என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்ட வகுப்பார் மேடையின்மீதே நின்றனர்! ஊராரே நடித்து ஊராரே பார்க்கும் நாடகம் என்பது இதுதான்.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நாம் பாட வரவில்லை. காசில்லாச் சீட்டுக்காக விடியற்காலை முதல் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. விடுமுறை பெற முடியாத கூலியாள் எப்படி நிற்பான்? காசுள்ளவனோ தனக்குப் பதிலாக நிற்க ஆள் அமர்த்துகிறான். பெருந்தொகை நன்கொடை தந்தோருக்கு இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. கதவை அடைத்த பணம் சன்னல் வழியே நுழைகிறது!

2017 ஜூனில் நடந்ததையும் மறக்கலாகாது. அன்றைய குடியரசுத் தலைவரை நினைவூட்டும் கோலத்தில் சீசரை அங்கே காட்டினர். கூச்சல் கிளம்பியது. நாடகத்தின் நடுவே மேடையேறித் தடுத்தனர் சிலர். பெரிய வங்கி ஒன்றும் விமான நிறுவனம் ஒன்றும் தம் ஆதரவை விலக்கிக்கொண்டன. கொலையால் கொடுங்கோன்மை ஒழியாது, நாடு குருதியில் மூழ்கும் என்பதல்லவா அந்த நாடகம் காட்டும் முடிவு? முடிவு வரை பார்க்கும் பொறுமை பணப்பைக்கு ஏது! எனினும், குறித்த நாள் வரை நாடகம் நடந்தே தீர்ந்தது. புரவலன் தருவது உதவி. ஆனால் கயிற்றின் மறுமுனை அவன் கையில் இருக்கிறது என்பதைக் கலைஞன் மறந்துவிடக்கூடாது. மக்கள் கலையின் செலவை மக்களின் வரிப்பணமும் மக்களின் உண்டியலும் தாங்குவதே பாதுகாப்பு.

தொல்லைகள் இத்தனைக்கும் பின்னும் அந்த அரங்கம் நிற்கிறது. பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு, 2025 ஆகஸ்டில் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தோடு மீண்டும் திறக்கப்பட்டது. மோசஸ் மறைந்தார், பாப் மறைந்தார். மக்கள் வந்து அமர்கின்றனர். புல்லும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது!

தோழர்களே! பாப் தம் பட்டறையைத் தொடங்கிய அதே 1954இல் நம் நாட்டில் என்ன நடந்தது? நாடகங்களை அடக்கச் சென்னை மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடிகவேள் எம்.ஆர். ராதாவின் நாடகங்களே அதன் இலக்கு என்பதை நாடறியும். நியூயார்க்கில் புல்லின் பெயரால். இங்கே மனம் புண்படுவதன் பெயரால்! மேடையில் ஒரு நடிகன் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்ல இயலாதோர் சட்டப் புத்தகத்துக்குள் ஒளிந்தனர். அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தக் கத்தி கலைஞன் தலைமேல் தொங்கியது.

ஷேக்ஸ்பியர் நமக்கு அயலாரும் அல்லர். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்ய'னாகவும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிக'னாகவும் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். திறந்த வெளியும் நமக்குப் புதிதல்ல. விளக்கொளியில் விடிய விடிய ஆடிய தெருக்கூத்தின் பிள்ளைகள் நாம். திடல் இருக்கிறது, கோடை விடுமுறை இருக்கிறது, இளைஞர் மன்றங்கள் இருக்கின்றன. இல்லாதது என்ன? துணிவு ஒன்றுதானே!

அடுத்த கோடையில் உங்கள் ஊர்த் திடலில் ஒரு மேடை எழட்டும். நான்கு கழி, ஒரு திரை, இரண்டு விளக்கு போதும். ஷேக்ஸ்பியரை நடியுங்கள்; நம்மவர் நாடகங்களையும் நடியுங்கள்; நீங்களே எழுதியும் நடியுங்கள். சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு மன்னன் வேடம் கொடுங்கள். பெண்ணுக்கு வாளைக் கொடுங்கள். கட்டணம் கேளாதீர்கள். முன்வரிசை நாற்காலி எவருக்கும் போடாதீர்கள். எல்லோரும் தரையில் அமரட்டும்.

புல் தேயுமே என்று எவரேனும் கவலையோடு வந்தால், அவரையும் அன்போடு அழைத்து உட்கார வையுங்கள். தேய்ந்த புல் ஒரு மழையில் முளைக்கும். தேய்ந்த மானம் அப்படி முளைப்பதில்லை!